சட்டை எங்கே?

வயதால் வரும் காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் வெகுநாள் தங்கும். ச, த போன்ற வல்லினங்களின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அது முந்திக்கொண்டு போய்விடும். "சட்டை எங்கே?" என்று வீட்டில் கேட்டால் பெரியவர் காதில் "கட்டை" விழும், சமயத்தில் "பட்டை" விழும். செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்று சொல்லிவைத்தவர் ஆராய்ந்து சொல்லவில்லை. இந்த ரகப் பெரியவருக்குச் சங்கு நன்றாகவே கேட்கும். அதை ஊதச் சொன்ன பேச்சுதான் கேட்காது.

போன எழுத்தைத் திருப்பித் தருவதுதான் காது மிஷினின் வேலை. மலிவும் உசத்தியும் பிரிவது அங்கேதான்.

சேத்தியாத்தோப்பில் மலிவு மிஷின் பெரும்பாலும் பேரனின் செல்போன் வழியாக வந்து சேர்கிறது. விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. உள்ளே ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர், வால்யூமுக்கு ஒரு திருகு. இன்ன எழுத்து என்று அது பார்க்காது, வந்ததையெல்லாம் ஏற்றி அனுப்பும். இதற்கும் மூத்தது சட்டைப்பை மாடல்: பையில் பெட்டி, அதற்குள் பென்சில் செல், அங்கிருந்து காது வரை ஒயர். மைக் பைக்குள் கிடப்பதால், துணி உரசும் சத்தம்தான் முதலில் காதுக்குப் போகும். கஞ்சி போட்ட சட்டை என்றால் இடி இடிக்கும். ஆக, சட்டை எங்கே என்பது கேட்காது, சட்டை கேட்கும்.

இந்த மிஷினுக்குச் சரியான பரீட்சை, அதே ஊரில் சிதம்பரம் - விருத்தாசலம் சாலையும் விக்கிரவாண்டி - கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் குறுக்குரோட்டு டீக்கடை பெஞ்சு. ஒரு பக்கம் ஏர் ஹாரன், இன்னொரு பக்கம் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் கரும்பு டிராக்டர்.

"என்ன தாத்தா, கேக்குதா?"

"கேக்குதுடா. பஸ்ஸு மட்டும்."

கழற்றி மடியில் வைத்தால் மிஷின் வீல் என்று கத்தும். ஸ்பீக்கரின் சத்தத்தை அதன் மைக்கே திரும்ப வாங்கிக்கொள்வதால் வரும் விசில் அது. உச்சத்தில் அடிக்கும் சத்தம் என்பதால் பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும், உரியவரைத் தவிர.

உசத்தி மிஷின் கடையில் தொடங்குவதில்லை, சத்தம் புகாத அறையில் தொடங்குகிறது. 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்த்து ஆடியோகிராம் வரைகிறார்கள். இரைச்சலான வேலையில் காலம் தள்ளியவருக்கு அந்தக் கோட்டில் 4,000 பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தையல்காரர் அளவுச் சீட்டைப் பார்த்து வெட்டுவது போல, ஆடியாலஜிஸ்ட் அந்தக் கோட்டைப் பார்த்து மிஷினைக் கம்ப்யூட்டரில் திருத்துகிறார். எங்கே குறையோ அங்கே மட்டும் கூட்டல். மெல்லிய பேச்சுக்கு அதிகம், ஹாரனுக்குக் கொஞ்சம். இரண்டு மைக் வைத்து எதிரில் பேசுபவர் பக்கம் கவனத்தைத் திருப்பும், விசிலையும் அடக்கும். சுவிட்சர்லாந்தின் சொனோவா, டென்மார்க்கின் டெமண்ட், அமெரிக்காவின் ஸ்டார்க்கி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளே உலகச் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. ஒரு ஜோடி 2 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தப் பணத்துக்குக் கறவை மாடு வாங்கலாம். மாட்டை வெள்ளாற்றில் குளிப்பாட்டவும் செய்யலாம். மிஷினையோ கழற்றி வைத்துவிட்டுத்தான் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும்.

மலிவுக்கும் உசத்திக்கும் நடுவில் அமெரிக்கா ஒரு மூன்றாம் ரகத்தை உண்டாக்கியது. 2022 அக்டோபர் 17 முதல், லேசான அல்லது நடுத்தரக் குறை உள்ள 18 வயது நிரம்பியவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே காது மிஷின் வாங்கலாம். சத்தம் 111 டெசிபலைத் தாண்டக் கூடாது, பெரிய சத்தத்தைத் தானே அமுக்கும் வசதி இருந்தால் 117. இவற்றில் நல்லவை செல்போன் வழியாகப் பரிசோதித்துத் தம்மைத் தாமே அளவுபடுத்திக்கொள்ளும். பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தானே பொருத்திக்கொண்டவர்களும் ஆடியாலஜிஸ்டிடம் பொருத்திக்கொண்டவர்களும் ஆறு வாரத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பேரன் வாங்கித் தந்த நானூறு ரூபாய் மிஷினுக்கு இந்தப் பெருமையில் பங்கு கிடையாது. குறை முற்றிய காதுக்கு மூன்றாம் ரகமும் உதவாது.

பட்டன் செல்லில் ஓடும் எந்த உசத்தியும் அந்தச் செல்லிடம் தோற்கும். ஜிங்க்-ஏர் செல்லின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்; 13ஆம் நம்பருக்கு ஆரஞ்சு நிறம். உரித்ததும் ஓட்டை வழியே காற்று புகுந்து செல் விழித்துக்கொள்ளும், மறுபடி ஒட்டினாலும் தூங்காது. தயாராக இருக்கட்டும் என்று அட்டையிலுள்ள ஆறு செல்லையும் ஒரே நாளில் உரித்து டப்பாவில் போட்டுவைக்கும் வீடுகள் உண்டு. அங்கே பழி மிஷின் மேல் விழும்.

பணம் இல்லாதவருக்கு 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது. 1972இல் தொடங்கிய கான்பூர் அலிம்கோ நிறுவனம் அதில் காது மிஷின் உள்ளிட்ட கருவிகளை வழங்குகிறது. ஆனால் எதை வாங்கக் கிளம்பினாலும் முதலில் காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். அடைத்திருப்பது வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். அதை எடுத்துவிட்டால் சட்டை எங்கே என்பது அன்றைக்கே கேட்கும்.