பிளகின்களின் குடிமாற்றம்
புதுக் கணினிக்குப் பாட்டுக் கோப்புகள் சுலபமாகக் குடிபெயர்ந்துவிடும். இசை மென்பொருளுக்குள் செருகும் பிளகின்கள்தான் பழைய வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பலவற்றின் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்தே விடுவித்தாக வேண்டும், அது மூச்சுவிடும்போதே.

ஐலாக் என்னும் யுஎஸ்பி குச்சியில் உரிமத்தை வைத்திருப்பவர் பாக்கியசாலி. குச்சி தொலையாதவரை.

அடுத்தது ஆப்பிளின் கைங்கரியம். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருளை அண்டவே விடவில்லை. 2020இல் எம்1 சில்லு வந்ததும், இன்டெல் காலத்துப் பிளகின்களுக்கு ரொசெட்டா 2 என்ற துபாஷி தேவைப்பட்டார். பிளகின் தயாரிப்பவர்களும் சளைத்தவர்கள் அல்ல: 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி விற்பனை கிடையாது, சந்தா மட்டுமே என்றது. வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலில் சில நாளிலேயே இறங்கிவந்தது.

எல்லாம் நிறுவி முடித்துப் பழைய பாடலைத் திறந்தால், ஒரு பிளகினைக் காணோம் என்கிறது திரை. எதுவென்று பார்த்தால், துல்லியமான டிஜிட்டல் ஒலியில் பழைய டேப்பின் இரைச்சலைக் கலப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கியது.