கையில்லாத தாக்கூரும் கத்திரி வெச்சவங்களும்

ஏம்ப்பா பேராண்டி, ஷோலே படத்துல வில்லன் கப்பர் சிங் என்ன ஆனான்னு போன்ல எவன்கூடவோ விடிய விடிய மல்லுக்கு நிக்கறயாமே? "அசல்ல போலீஸ்தான் வந்து பிடிச்சுட்டுப் போகுது, மத்ததெல்லாம் எவனோ வெட்டி ஒட்டினது"ன்னு சத்தியம் வேற பண்ணினயாம். பண்ணு. சத்தியத்துக்கு என்ன, ஜிஎஸ்டியா போடறாங்க?

நம்ம ஆனேக்கல்லுக்கு நேர் மேற்கே, ராமநகரப் பாறைங்கள்ல எடுத்த படம் அது. முதல்ல எடுத்த முடிவுல போலீஸ் குறுக்கே வரவே இல்ல சாமி. ரெண்டு கையும் போன தாக்கூரு, ஆணி வெச்ச செருப்புக் காலாலயே கப்பரைத் தீர்த்துக் கட்டறாரு. 1975 ஜூன்ல எமர்ஜென்சி வந்துச்சு, ஆகஸ்ட் 15ல படம் வரணும். மாஜி போலீஸ் அதிகாரியே சட்டத்தைக் கையில எடுக்கலாமான்னு சென்சார்ல மடக்கிட்டாங்க. கையே இல்லாத மனுசன் எதுல எடுக்கறதுன்னு கேக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரல. டைரக்டர் ரமேஷ் சிப்பி முடிவை மாத்தி எடுத்துக் குடுத்தாரு.

ஆக, நீ அசல்னு கட்டிக்கிட்டு அழறயே, அது பயத்துல பொறந்த பிரதி. நெசமான அசலு அம்பது வருசம் கழிச்சு, 2025 ஜூன்ல, இத்தாலியில பொலோனியா ஊர்ல திரைக்கு வந்துச்சு. ராமநகரத்துக் கதையைப் பாக்க அப்ப இத்தாலிக்குப் போக வேண்டியிருந்துச்சாம்!

சும்னே கேளு, இன்னொண்ணு சொல்றேன். ஸ்டார் வார்ஸ் 1977ல வந்தப்ப, சாராயக்கடையில ஹீரோ முந்திக்கிட்டு எதிராளியைச் சுட்டான். 1997ல ஜார்ஜ் லூகாஸ் அதைத் திருத்தி, எதிராளி முதல்ல சுட்ட மாதிரி ஆக்கிட்டாரு. இங்க தாக்கூரு, அங்க அவன். திருத்தற கை எந்தத் தேசத்துக் கையா இருந்தாலும், ஹீரோ கையில இருக்கற ரத்தத்தைத்தான் மொதல்ல கழுவுது, கவனிச்சயா? ரசிகனுங்க சும்மா இருப்பாங்களா? பழைய பிரதிங்களைத் தேடி, துண்டு துண்டா ஒட்டி, 1977ல பாத்த மாதிரியே அவங்களே ஒண்ணு கட்டிட்டாங்க. காசுக்கு இல்ல, ரோஷத்துக்கு. அந்தப் பசங்களைத் திருடன்னு நீ சொல்லாதே. சட்டம் சொல்லிக்கட்டும்.

கலர் அடிக்கற கதை வேற. ராஜ்குமாரோட கஸ்தூரி நிவாஸ 1971ல கறுப்பு வெள்ளை. 2014ல கலர்ல வந்தப்ப இந்த ஊர்க் கன்னடக்காரங்க கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அதே கதையை 1975ல தமிழ்ல சிவாஜி 'அவன்தான் மனிதன்'னு பண்ணினாரு. எது ஒசத்தின்னு என்னைக் கேக்காதே. பால்காரரு கன்னடம், உங்க பாட்டி தமிழு. ரெண்டு பேரும் எனக்கு வேணும்.

நம்ம ரஜினியும்தான் 2002ல வந்த பாபாவை, இருபது வருசம் கழிச்சு வெட்டி, புதுசா டப்பிங் பேசி மறுபடி விட்டாரு. அவரு எழுதின கதை, அவரு படம், அவரு கத்திரி. அதுல நாம தலையிட ஒண்ணுமில்ல.

அம்பிகாபதி சமாச்சாரம் அப்படியா? 2013ல வந்த ராஞ்சனாவோட தமிழ்ப் பேரு. முடிவுல தனுஷ் செத்துப் போவாரு. 2025 ஆகஸ்ட்ல, கம்பெனிக்காரங்க ஏஐயை வெச்சு அவரைக் கண்ணு முழிக்க வெச்சுட்டாங்க. டைரக்டர் ஆனந்த் எல். ராய் வேணாம்னாரு, செத்தவரே வேணாம்னாரு. பிழைக்க வெச்சதுக்குப் பொணம் சண்டைக்கு வந்த கதையை நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல!

இதுல பேரைப் பாரு, அம்பிகாபதி. கம்பர் மகன், சோழன் மக அமராவதிக்காக நூறு பாட்டு பாடணும், கணக்குல ஒண்ணு தப்பினதால தலை போச்சுன்னு கதை. 1937ல பாகவதரை வெச்சு அமெரிக்காக்காரரு டங்கன் எடுத்தாரு, 1957ல சிவாஜி நடிச்சாரு. ஒருத்தரும் சோழன்கிட்ட ரீகவுண்டிங் கேக்கல. இனிமே கேப்பாங்க. பாட்டு நூத்தியொண்ணு ஆகும், சோழன் சீர்வரிசைத் தட்டோட வருவான், அமராவதிக்குச் சந்தாபுரத்துப் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டும் கிடைக்கும். அன்னிக்கு டிக்கெட் போடறப்ப எனக்கும் ஒண்ணு போடு. காசு உங்கப்பன்கிட்ட வாங்கிக்க.