அன்று எடை, இன்று ஒளி

எண்பதுகளில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர்களுக்கு ‘ஆக்சைன்’ சோதனை மறந்திருக்காது. அலுமினியக் கரைசலைச் சூடாக்கி, ஆக்சைனை ஊற்றி, அம்மோனியம் அசிடேட்டை மெல்ல மெல்லச் சேர்த்தால் பச்சை கலந்த மஞ்சளில் வீழ்படிவு இறங்கும். அதைக் கண்ணாடிக் குரூசிபிளில் வடிகட்டி, கழுவி, ஓவனில் உலர்த்தி, ஆறவிட்டு எடை போடுவோம். வந்த எடையை 0.0587-ஆல் பெருக்கினால் அலுமினியம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய கையோடு மஞ்சள் தூளைத் தொட்டியில் கழுவி ஊற்றுவோம். புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் பளிச்சென்று ஒளிரும் என்பதைப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

1987-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில், ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தைச் சேர்ந்த சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் அதே மஞ்சள் சேர்மத்தை மிக மெல்லிய படலமாகப் படியவைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் கொடுத்தார்கள். படலம் பச்சையாக ஒளிர்ந்தது. இன்று நம் கைப்பேசித் திரைகளில் இருக்கும் ஓ.எல்.இ.டி. எனும் கரிம ஒளியுமிழ் டயோடுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அந்தக் காலத்தில் நான் ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரிமீட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேஜை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் கருவி. ஒரு பக்கம் செனான் விளக்கு. பற்றவைத்தால் சூடும் ஓசோன் நெடியும் அறையை நிறைக்கும். மறுபக்கம் ஆயிரம் வோல்ட் அளவில் இயங்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய். ஷட்டரை மூடாமல் மூடியைத் திறந்து, உள்ளே அறை வெளிச்சம் பட்டுவிட்டால் குழாய் பாழ். இரண்டுக்கும் நடுவே குவார்ட்ஸ் குவளையில் மாதிரி. நோயாளி எங்கோ ஒரு வார்டில் படுத்திருப்பார். கருவி இடத்தைவிட்டு அசையாது. அவருடைய இரத்தம்தான் ஐஸ் பெட்டியில் ஏறி எங்களிடம் வரவேண்டும். முடிவு திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் அவர் நிலையே மாறியிருக்கும். அது அப்போதும் என்னை உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

இப்போது அந்தக் கருவியின் விளக்கும், ஒளியைப் பார்க்கும் கண்ணும் சேர்ந்தே ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டன. விளக்கு, நாங்கள் எடை போட்ட அந்த மஞ்சள். கண்ணாக இருக்கும் ஒளியுணரியில் காப்பர் தாலோசயனின் என்ற நீலம். அச்சு மையிலும் பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் காலங்காலமாகக் கலக்கிற அதே நிறமி. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 2000-களின் நடுவில் இந்த நீலத்தை வைத்துச் செய்த ஒளியுணரியை, நுண்வாய்க்கால் ஓடும் சில்லோடு சேர்த்து, வேதிவினையில் பிறக்கும் மங்கலான ஒளியை அளந்து காட்டினார்கள்.

என் மனத்தைக் கொள்ளைகொண்டது ஆக்சிஜன் கதைதான். ஓ.எல்.இ.டி.யின் கரிமப் படலங்களுக்கு ஆக்சிஜனும் ஈரமும் பரம எதிரிகள். காற்று புகுந்தால் திரையில் கரும்புள்ளிகள் விழும். அதனால் காற்றுப் புகாமல் மூடி முத்திரையிடுவார்கள். பிளாட்டினம் போர்ஃபிரின் என்றொரு சிவப்புச் சாயம் உண்டு. நம் இரத்தச் சிவப்பில் இருக்கும் வளையமேதான். நடுவில் இரும்புக்குப் பதில் பிளாட்டினம். 1998-ல் ஃபாரஸ்ட், தாம்சன் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் அதை ஓ.எல்.இ.டி.க்குள் வைத்துத் திறனை உயர்த்தினார்கள். அங்கே ஆக்சிஜன் உள்ளே வரவே கூடாது. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஷினாரும் ரூத் ஷினாரும் அதே சாயத்தைத் தனிப் படலமாக வெளியே வைத்து, மூடிய ஓ.எல்.இ.டி.யின் பச்சை ஒளியை அதன்மேல் பாய்ச்சி, ஆக்சிஜனை வரவேற்றார்கள். ஆக்சிஜன் பட்டால் சாயத்தின் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அதுவே அளவு. கூடவே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை வைத்தால், குளுக்கோஸ் இருக்கும் அளவுக்கு ஆக்சிஜன் செலவாகி ஒளி கூடும், சர்க்கரையும் தெரிந்துவிடும்.

பச்சை ஒளி கண்ணுக்குள் கசிந்து கணக்கைக் கெடுக்காதா? கெடுக்கும். பழைய கருவியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்ட, நிறம் பிரிக்கும் மோனோகுரோமேட்டர் இதற்காகத்தான் இருந்தது. ஷினார் குழுவினரோ விளக்கைத் துடிப்பாக ஏற்றி அணைக்கிறார்கள். பச்சை சட்டென்று போய்விடும். சாயத்தின் சிவப்பு, ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி நின்று மங்கும், ஆக்சிஜன் கூடக்கூட இன்னும் விரைவாக அணையும். அந்த நேரத்தை அளந்தால் ஃபில்டரே வேண்டாம். இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு பெரிய பெட்டியை ஒழித்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பூரிப்புதான்.

தொலைக்காட்சித் திரை பல்லாயிரம் மணி நேரம் உழைக்க வேண்டும். இந்தச் சில்லை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு எறியும் சோதனைப் பட்டை, உறையைப் பிரித்தபின் சில நிமிடம் ஒளிர்ந்தால் போதும். ஆனால் பிரிக்கும்வரை கெடக் கூடாது. 40 டிகிரி வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும், குளிர்பதனம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியில் அந்த உறை எத்தனை மாதம் தாங்கும் என்பதை இங்கேயே, அந்த அலமாரியிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். இளைஞர்கள் யாராவது கேட்டால் முதலில் இந்த வேலையைத்தான் எடுக்கச் சொல்வேன்.