ரோட்டு மேல பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடம் நல்லதா என்று அதிகாரியைக் கேட்டால் தேர்ச்சி விகிதம் சொல்வார். பெற்றோரைக் கேட்டால் இங்கிலீஷ் மீடியம் உண்டா என்று திருப்பிக் கேட்பார்கள். சாரைக் கேட்டால் ஒரே பதில்தான்: "அது ரோட்டு மேல இருக்குப்பா." பஸ்ஸை விட்டு இறங்கினால் கேட் என்று அர்த்தம். அதைவிட உயர்ந்த பாராட்டு அவர் கையிருப்பில் இல்லை. "கொஞ்சம் உள்ள போவணும்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பள்ளியின் கதை முடிந்தது. அங்கே படித்தவன் கலெக்டரே ஆகியிருந்தாலும் சரி.

நான் சொல்லும் சார் ஒரே ஆளில்லை. மரக்காணம், வானூர் ஒன்றியங்களில் ஊருக்கு ஒருவராவது தேறுவார். 1980களின் கடைசியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஏழெட்டைச் சுற்றிவிட்டு, இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். எழுத வசதியாக இருக்கட்டும் என்று எல்லாரையும் ஒருவராக்கி இடையஞ்சாவடியில் குடிவைக்கிறேன். ஊரும் பொருத்தமான ஊர்தான். ஒரு பக்கம் ஆரோவில். அங்கே மரத்தடிக்கு ஒரு கல்விமுறை சோதனையில் இருக்கும். இன்னொரு பக்கம் செம்மண்ணும் முந்திரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளம். சாரின் முப்பத்து நாலு வருஷமும் இந்த வட்டத்துக்குள்ளேயே ஓடியது. முதலில் சைக்கிள், அப்புறம் டி.வி.எஸ். 50.

முதல் பள்ளி அளத்து ஓரம். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்கு வரிசை சொன்னால் அடுத்து வாயில் வரும் பெயர் மரக்காணம். பொங்கல் முடிந்து பாத்தி மிதிக்க ஆரம்பித்தால் மழைக்காலம் தொடும்வரை உப்புதான். அப்பனும் ஆத்தாளும் விடியும் முன்பே அளத்துக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாலாம் வகுப்புப் பெண் வீட்டில் நின்றுவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் உப்பு வேலை நிற்கும். பிள்ளைகள் திமுதிமுவென்று பள்ளிக்கு வருவார்கள். அதே மழையில் கூரை ஒழுகும். "புள்ளைங்க இருக்கிறப்ப உக்கார எடம் இருக்காது. எடம் இருக்கிறப்ப புள்ளைங்க இருக்காது" என்பார் சார். கல்வித்துறை இதைப் பற்றி எத்தனை பக்கம் அறிக்கை எழுதியிருந்தாலும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்தது. ஓராசிரியர் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர், இரண்டு அறை, கற்பிக்கச் சாமான்கள் என்பது ஏற்பாடு. அறிவியல் பெட்டி, கணக்குப் பெட்டி, உலக உருண்டை எல்லாம் சாரின் பள்ளிக்கும் வந்து இறங்கின. ஹெச்.எம். ஒவ்வொன்றையும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, பீரோவில் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். உடைந்தால் ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது? உலக உருண்டை பிளாஸ்டிக் உறையோடே இருந்தது. பிள்ளைகளுக்கு உலகம் உருண்டை என்று சார் பனங்காயை வைத்துத்தான் காட்டினார். ஒரு பையன் பாடம் முடிந்ததும் உலகத்தைச் சுட்டுத் தின்றுவிட்டான்.

அந்த ஹெச்.எம். சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஆளுக்குப் பாதி கொடுப்பார். மாலையில் மிச்சத்தைத் திருப்பி வாங்குவார். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்ததைக் காட்டினால்தான் மறுநாள் புதுப் பாதி. இந்தக் கொடுமையைச் சொல்லிச் சொல்லியே சார் மாறுதல் வாங்கினார். இரண்டாவது பள்ளிக்குப் போன அன்றைக்கு மேஜை மேல் சாக்பீஸ் டப்பா திறந்து கிடந்தது; யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு வாரம் கழித்து ஸ்டாஃப் ரூமில் சார் சொன்னாராம்: "என்ன இருந்தாலும் எங்க பழைய ஹெச்.எம்.முக்கு இருந்த நிர்வாகத் திறமை வராதுங்க."

சாரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாசகம் போதும். இருக்கிற பள்ளி நரகம். போன பள்ளி சொர்க்கம். நரகத்திலிருந்து மாறுதல் உத்தரவு வாங்கிய மறுநாளே அது சொர்க்கமாகிவிடும். மூன்றாவது பள்ளியில் இருந்தபோது இரண்டாவது பள்ளியின் தண்ணீர் தேன். நான்காவதில் இருந்தபோது மூன்றாவதின் சத்துணவுச் சாம்பாருக்கு ஈடு கிடையாது. அந்தச் சாம்பாரைக் குறித்து அவரே ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிய புகார் மனு கோப்பில் கிடக்கும். அது வேறு விஷயம்.

இரண்டாவது பள்ளி கடலோரக் குப்பத்தில். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கும். அப்போதுதான் பள்ளியிலும் ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவார்கள். அப்பன்மார் வீட்டில் இருக்கும் அந்த ஒரு காலத்தில் ரேங்க் கார்டு நீட்ட வாத்தியார் இருக்கமாட்டார். ஆகவே எல்லாக் கார்டிலும் அம்மா கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. அந்த அம்மாக்களிடம் சார் வாய்கொடுத்து மீண்டதில்லை. "உங்க பையனுக்குக் கழித்தல் வரலம்மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். "கூடையில மீனை வச்சிக்கினு அவனை ஒரு வாட்டி வெல பேச வுட்டுப் பாரு சார். உனுக்கே வராத கழித்தலெல்லாம் அவனுக்கு வரும்." சார் மறுவாரமே மீன் ஏலத்தை வைத்துக் கணக்கு நடத்தினார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் இது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டதோடு அது நின்றது. சாருக்கு வந்த நல்ல யோசனைகள் பெரும்பாலும் இப்படி நின்றவைதான். இதை அவர் சொல்லிக்கொள்வதில்லை, நான் சொல்கிறேன்.

மூன்றாவது முந்திரிக்காட்டுப் பள்ளி. பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்க ஆள் வேண்டும். ஐந்தாம் வகுப்பு காலியாகிவிடும். அங்கிருந்து கிளம்பிய பின்பும் அந்த ஊரோடு சாருக்குப் பழக்கம் விடவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, தோப்பு தோப்பாக முந்திரியைச் சாய்த்தது. அடுத்த சித்திரையில் அந்தப் பள்ளியில் வருகை கூடியிருந்தது. பொறுக்கக் கொட்டை இல்லை. புள்ளிவிவரத்தில் அது முன்னேற்றம். "அந்த மாதிரி ஃபுல் அட்டெண்டன்ஸ் எனக்கு வேணாம்பா" என்று சார் சொன்னபோது மட்டும் டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வந்தது செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08 வாக்கில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பாடப்புத்தகம் அட்டை அட்டையாகப் பிரிந்தது. சுவரில் ஏணிப்படி வரைந்தார்கள். பிள்ளைகள் எழுத வசதியாகக் கரும்பலகை தரைக்கு இறங்கியது; கூடவே வாத்தியாரும் பாயில் இறங்கினார். சாருக்கு நாற்பத்தைந்து வயது. முழங்காலுக்கு அதைவிட மூத்த வயது. "உக்காரச் சொல்லி ஜி.ஓ. வந்துச்சு. ஏந்திரிக்கச் சொல்லி இன்னும் வரல" என்பது அந்தக் காலத்தில் அவர் ஒன்றியம் முழுக்கப் பரப்பிய வாசகம். சொன்ன வேகத்தில் அட்டைகளைத் திட்டித் தீர்த்தார். சமச்சீர்க் கல்வி வந்ததும் அட்டையைப் புகழ்ந்தார். முப்பருவ முறை வந்ததும் சமச்சீரைப் புகழ்ந்தார். எமிஸ் என்ற கல்வித்துறை இணையப் பதிவு முறை வந்து செல்போனில் வருகைப் பதிவு போடச் சொன்னதும், நெட்வொர்க் தேடி வேப்பமரத்தடியில் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டு, பழைய நீளமான வருகைப் பதிவேட்டுக்காகக் கண்ணீர் விடாத குறை.

மாறுதல் கலந்தாய்வு நாளில் சாரைப் பார்க்கவேண்டும். மஞ்சள் பையில் பணிப்பதிவேட்டு நகல், சீனியாரிட்டி பட்டியல், இரண்டு வாழைப்பழம். ஒவ்வொரு காலிப் பணியிடத்துக்கும் அவரிடம் தனித்தனி ஜாதகம் உண்டு. எந்தப் பள்ளிக்கு டவுன் பஸ் நிற்கும், எங்கே கை காட்டினால்தான் நிற்கும், எங்கே கை காட்டினாலும் நிற்காது, எந்த ஹெச்.எம். வெள்ளிக்கிழமை விரதம், அன்றைக்கு லீவு கேட்டால் கிடைக்கும். எந்த ஊரில் டீச்சர் வீட்டுக்காரர் கவுன்சிலர். எல்லாருக்கும் ஆலோசனை சொல்லி, எல்லாரையும் ரோட்டு மேல உட்காரவைத்துவிட்டு, தன் முறை வரும்போது சாருக்கு மிஞ்சுவது உள்ளே போகிற ஊர்தான். இது எப்படி நடக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கடைசி நேரத்தில் யாராவது கைக்குழந்தைக்காரி முன்னால் நின்று அழுதிருப்பாள் என்பது என் கணிப்பு. கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார். "அந்த ஸ்கூல்ல காத்து நல்லா வரும்பா" என்பார்.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என்று ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் நீக்கினார்களே, அதில் சாரும் உண்டு. வீட்டில் இருந்த நாட்களில் மாவாட்டக் கற்றுக்கொண்டார். வேலை திரும்பக் கிடைத்தது. மாவாட்டும் பொறுப்பு மட்டும் அவரிடமே நின்றுவிட்டது.

ஓய்வு பெற்ற கதை தனி. 2020 மே மாதக் கடைசியில் 58 முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியவர். சகாக்கள் வசூல் போட்டுச் சால்வையும் குத்துவிளக்கும் வாங்கிவைத்தார்கள். அந்த மே மாதமே அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. சரி, அடுத்த வருஷம் போர்த்தலாம் என்று சால்வையைப் பீரோவில் வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் வயது 60 ஆனது. ஒருவழியாக 2022 மே 31 அன்று சால்வை பாச்சை உருண்டை வாசனையோடு தோளில் ஏறியது. அடுத்த மாதமே எண்ணும் எழுத்தும் என்ற புதுக் கற்பித்தல் திட்டம் வந்தது. "ரெண்டு வாரத்துல தப்பிச்சேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் குரல் மாறியது: "பசியோட வந்த புள்ளைங்களுக்கு முப்பத்து நாலு வருஷம் கை கழுவத்தான் சொல்லிக்குடுத்தேன். நான் வெளிய வந்தப்புறம் உப்புமா போடறாங்க."

இடையஞ்சாவடியில் இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு மூன்று. ஒன்று, பழைய மாணவர்கள். பைக்கில் பெண்டாட்டியோடு போகிற மேஸ்திரியைக் கை தட்டி நிறுத்துவார். "டேய், ஏழு எட்டு?" ஹெல்மெட்டைக் கழற்றாமலே பதில் வரும்: "அம்பத்தாறு சார்." "அப்ப வரல, இப்ப எப்படிடா வருது?" "இப்ப ஸ்கொயர் ஃபீட்டுக்குக் காசு வாங்கறேன் சார்." அந்தப் பெண் பின்னால் உட்கார்ந்து சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொள்ளும்.

இரண்டு, திரௌபதி அம்மன் திருவிழா. தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர்களை உயரப்படி வரிசையில் நிறுத்தி, தலையை எண்ணி, துண்டுச் சீட்டில் ஆண், பெண், மொத்தம் என்று எழுதிப் பூசாரியிடம் கொடுப்பார். பூசாரி அதை வாங்கி மடியில் செருகிக்கொள்வார். எதற்கு என்று இருவருக்குமே தெரியாது.

மூன்று, ஆரோவில். அதன் பள்ளிகளில் ஒன்றான உதவி பள்ளி இடையஞ்சாவடியிலேயே இருக்கிறது. ஆரோவில் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியரை அக்கா, அண்ணா என்று கூப்பிடுவது வழக்கம். ஒருநாள் தெருவில் ஆறு வயதுப் பொடியன் ஒருவன் சாரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, நீங்களும் டீச்சரா?" என்று கேட்டுவிட்டான். இரண்டு நாள் சார் டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அந்த முறையில் ஒரு நன்மை இருப்பதாகச் சொன்னார். வயது குறைந்த மாதிரி தோன்றுகிறதாம். மாத்ரி மந்திர் மேல் மட்டும் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே மரியாதை. 1971இல் கட்ட ஆரம்பித்து 2008இல்தான் முடிந்தது. முதல் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக ஒன்றியத்தில் வாக்குக் கொடுத்தது 1988இல். "முப்பத்தேழு வருஷம் ஆவும்னு அப்பவே சொல்லியிருந்தா நான் இத்தனை மனு எழுதியிருக்கமாட்டேன்" என்பார்.

வீட்டில்தான் சாருக்கு இப்போது எட்டாவது போஸ்டிங். ஹெச்.எம். அவர் சம்சாரம். இந்தப் பள்ளியில் சி.எல். கிடையாது, மதியம் மணி அடிப்பதில்லை, மாவாட்டுகிற டியூட்டி வேறு என்று பெஞ்சில் குறைபட்டுக்கொள்வார். ஒருநாள் அந்தம்மா காதில் இது விழுந்துவிட்டது. "டிரான்ஸ்ஃபர் வேணும்னா எழுதிக் குடுங்க. இப்பவே ரிலீவ் பண்ணிடறேன்" என்றார். சார் எழுதிக் கொடுக்கவில்லை. முதல்முறையாக, இருக்கிற பள்ளியை விட்டுக் கிளம்ப அவருக்கு மனமில்லை.

உங்கள் ஊர் டீக்கடையிலும் ஒரு சார் இருப்பார். "எந்த ஊரு? அங்க இப்ப யாரு ஹெச்.எம்.?" என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் உட்காருங்கள், முழுக்கக் கேளுங்கள். டீக்கு மட்டும் நீங்களே காசு கொடுத்துவிடுங்கள். 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவர். பழைய திட்டப்படி முழுப் பென்ஷன் வருகிறது. ஆனாலும் கொடுக்கமாட்டார்.