மதியச் சோற்றில் மிச்சம் பிடித்த மகராசர்கள்

மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் முதலாளிகளுக்கு ஒரு சிலை வைக்க வேண்டும். கால்பந்துக்காக அல்ல, கைக்காசு கரையாமல் கோடீஸ்வரர் ஆகும் வித்தைக்காக.

2005இல் அமெரிக்கர் மால்கம் கிளேசர் இந்தக் கிளப்பை ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதில் பாதிக்கு மேல் கடன். அந்தக் கடனும் விடிந்தது கிளப்பின் தலையில். அதுவரை கடன் இல்லாமல் இருந்த கிளப், தன்னை விலைக்கு வாங்கிய கடனுக்குத் தானே வட்டி கட்ட ஆரம்பித்தது. மாட்டை வாங்கிய கடனை மாடே பால் கொடுத்து அடைக்க வேண்டும். மிச்சப் பாலும் முதலாளி வீட்டுக்கே.

அந்த ஜூன் மாதம் கிளேசரின் மகன்கள் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தைப் பார்க்க வந்தார்கள். வாசலில் ரசிகர்கள் கொதித்துப்போய் நின்றார்கள். முதலாளிகள் போலீஸ் வேனில் ஏறித்தான் வெளியே வர முடிந்தது. சொந்தச் சொத்தைப் பார்க்கப் போய் இப்படித் திரும்பும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அதற்குப் பிறகு வட்டி, கடன் செலவு, பங்கு லாபம் என்று 100 கோடி பவுண்டுக்கு மேல் கிளப்பை விட்டுப் போனது. மைதானத்துக் கூரைக்கு மட்டும் காசு வரவில்லை. 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆடிய அன்று பெய்த மழையில், கூரையின் மூலையிலிருந்து நாற்காலிகள் மேல் தண்ணீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது.

"ஆட்டக்காரர்களை வாங்கக் கொட்டிக் கொடுத்தார்களே" என்பார்கள். கொடுத்தார்கள். 2022இல் ஆன்டனிக்கு 8 கோடி பவுண்டுக்கு மேல். 2025இல் அவரை விற்றபோது அதில் சுமார் கால்வாசிதான் தேறியது. அள்ளி இறைத்த காசு யாருடையது? டிக்கெட், ஜெர்சி, டிவி உரிமை என்று கிளப் சம்பாதித்தது. முதலாளி போட்டது கையெழுத்து.

2024இல் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிப் பங்கோடு உள்ளே வந்தார், சிக்கனத்தையும் கூட்டி வந்தார். அந்த வருஷம் சுமார் 250 பேரின் வேலை போனது. மறு வருஷம் இன்னும் 200 பேர் வரை என்றார்கள். ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடு நின்று, பழம் வந்தது. 2024-25 சீசன் நடுவில் மிச்சமிருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டு ஆக்கினார்கள், குழந்தைக்கும் கிழவருக்கும் சலுகை இல்லாமல் போனது.

அதே 2024இல் பயிற்சியாளர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை ஜூலையில் நீட்டி, அக்டோபரில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கும் குழுவினருக்கும் கொடுத்தது 1 கோடியே 4 லட்சம் பவுண்டு. ஐந்தே மாதம் இருந்து விலகிய விளையாட்டு இயக்குநர் ஆஷ்வொர்த் விவகாரத்துக்கு இன்னொரு 41 லட்சம். இதில் எத்தனை வருஷம் சோறு போட்டிருக்கலாம் என்று கேட்டுவிடாதீர்கள். பெரிய மனிதர்களின் தப்புக் கணக்கு முதலீடு. பாத்திரம் கழுவுகிறவரின் சோறுதான் வெட்டிச் செலவு. இந்தச் சிக்கனத்துக்குக் கிடைத்த பரிசு: 2024-25 லீக்கில் 15ஆம் இடம்.

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கிலாந்தோ கதவைத் திறந்து வைத்து, கடன்காரனை முதலீட்டாளர் என்று கும்பிட்டது. மான்செஸ்டரில் உண்மையான முதலீட்டாளர் கேலரியில் நனைந்துகொண்டிருக்கிறார்: போடுவது சொந்தக் காசு, வட்டி கேட்பதில்லை, லாபத்தில் பங்கு கேட்பதில்லை. அவருக்கு ஓட்டும் இல்லை.