சாசலிட்டோ சுயம்வரம்

1980களின் நடுவில் சாசலிட்டோ படகு வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் வரும் ஊர். கோடை வந்து இருட்டினால் போதும், படகின் அடியிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். பக்கத்து வீட்டில் யாரோ ராத்திரி முழுக்க கிரைண்டர் ஓட்டுகிற மாதிரி. விடிந்தால் கப்சிப்.

அமெரிக்கர்கள் அல்லவா, முதல் சந்தேகம் அரசாங்கத்தின் மேல். கடற்படை ஏதோ ரகசிய சோதனை செய்கிறது என்றார்கள் சிலர். கழிவுநீர் நிலையத்துப் பம்பு என்றார்கள் சிலர். வேற்றுக்கிரகவாசிகளையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீருக்குள் மீன் இருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்து ஜான் மெக்காஸ்கர் குற்றவாளியை அடையாளம் காட்டினார். தேரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த மிட்ஷிப்மேன். வயிற்றில் ஒளிப்புள்ளிகள் வரிசையாக இருப்பதால், பித்தளைப் பொத்தான் போட்ட கடற்படைப் பயிற்சி அதிகாரியின் பெயரை வைத்துவிட்டார்கள். ஆகவே கடற்படையைச் சந்தேகித்தவர்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது.

விஷயம் கல்யாணம்தான். ஆண் மீன் கரையோரப் பாறைக்கடியில் வீடு கட்டிவிட்டு, காற்றுப்பையை ஒட்டிய தசையை நொடிக்குச் சுமார் 100 முறை துடிக்கவைக்கும். மூச்சு விடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கச்சேரி நடக்கும். பெண்ணின் காது அதற்கென்றே பருவத்தில் கூர்மையாகிறது. ஹார்மோன் செய்யும் வேலை என்று ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ பாஸ் குழுவினர் பிற்பாடு காட்டினார்கள். மற்ற மாதங்களில் மாப்பிள்ளை தொண்டை கிழியப் பாடினாலும் அதில் பாதி அவளுக்குக் கேட்காது. ஏற்பாடு ஒன்றும் மோசமில்லை.

வந்தாள், பாறையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டினாள், போய்விட்டாள். பிள்ளை வளர்ப்பு முழுக்க அப்பா பொறுப்பு. அலை வற்றி வீடு காய்ந்தாலும் மனிதர் நகர மாட்டார்.

இதற்கிடையே இன்னொரு ரக ஆண் உண்டு. பொடியன். பாட்டு வராது, வீடு கிடையாது, பார்க்கப் பெண் மாதிரியே இருப்பான். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவனுடைய விந்தகம் பாடகனுடையதைவிட சுமார் 9 மடங்கு பெரிது. பாடகன் அசந்த நேரத்தில் வீட்டுக்குள் நழுவி, முட்டைகளின் மேல் தன் பங்கைச் சேர்த்துவிட்டு நழுவிவிடுவான். பாடகன் அவன் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் காவல் காக்கிறான்.

ஊர்க்காரர்கள் சமாதானமாகி, முணுமுணுக்கும் தேரை மீனுக்கென்று ஒரு திருவிழாவே எடுத்தார்கள். மரியாதை எல்லாம் பாடகனுக்கு. பொடியனை யாரும் அழைக்கவில்லை. அவன் எங்கேதான் அழைப்போடு போயிருக்கிறான்?