அஞ்சு டிக்கெட்டும் ஒரு ரகுமானும்

வாடா பேராண்டி, திண்ணையில இப்புடி உக்காரு. சென்னையில ரகுமான் கச்சேரிக்கு அஞ்சு டிக்கெட் போட்டுட்டியாமே. உன் பொண்டாட்டி சொல்லிச்சு, உங்கம்மா சொன்னா, பால்காரன்கூடச் சொன்னான். நல்ல காரியம். ரெண்டு ஆஸ்கார ஒரே ராத்திரியில வாங்குன மனுசன நம்ம குமராட்சிக்காரன் நேர்ல பாக்கப் போறான்னா யாருக்குத்தான் பெருமையா இருக்காது? நம்ம சிதம்பரத்துல 1981லேர்ந்து மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்குது, எங்கெங்கேர்ந்தோ வந்து ஆடுறாங்க, பஸ் ஏறுனா செத்த நேரத்துல போயிரலாம், டிக்கெட்டும் கெடையாது. அதுக்கு ஒரு நாளாவது குடும்பத்தக் கூட்டிக்கிட்டுப் போனியாடான்னு நான் கேக்கவே மாட்டேன். காசு குடுக்காம பாக்குறதுல என்னா மரியாத இருக்குதுன்னு நீ திருப்பிக் கேட்டா எங்கிட்ட பதில் இல்ல.

மொதல்ல வழியப் பேசுவோம். கடலூர், பாண்டி, மரக்காணம், மகாபலிபுரம்னு கடலோரமாவே போனா பட்டணத்துக்கு முன்னாடியே எடம் வந்துரும், உள்ள நுழையவே வேணாம்னு கணக்குப் போட்டிருப்ப. 2023 செப்டம்பர் 10ந் தேதியும் சனம் இதே கணக்கத்தான் போட்டுச்சு. பனையூர்ல ஆதித்யராம் பேலஸ் சிட்டின்னு ஒரு எடம். ஆகஸ்ட் 12ந் தேதியே நடக்க வேண்டிய கச்சேரி, மழையில தள்ளிப் போச்சு. மழைக்கே நம்மள விட வெவரம் இருந்திருக்குது பாரு. மறக்குமா நெஞ்சம்னு பேரு வச்சாங்க, வச்ச பேரக் காப்பாத்திட்டாங்க. ஆயிரம் ஆயிரமா குடுத்து வாங்குன டிக்கெட்டக் கையில புடிச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளியவே நின்னு திரும்பிப் போனவங்க அத்தன பேரு. கூட்டத்துல புள்ள ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம். பொம்பளைங்க பட்ட பாட்டப் பேப்பர்ல படிச்சுட்டு எனக்குச் சோறு எறங்கல. அதுல கிண்டல் பண்ண ஒண்ணுமில்ல, அத வுட்டுருவோம். ரோட்டுல முதலமைச்சர் வண்டியே மாட்டிக்கிச்சுன்னு போட்டிருந்தான். அவருக்கே வழி இல்ல, உன் மாருதிக்கு யாருடா வெலகப் போறா?

ரகுமான் நல்ல மனுசன். டிக்கெட் நகல அனுப்பி வைங்க, கவனிக்கிறோம்னாரு. இந்தத் தடவ பலியாடு நானாவே இருந்துட்டுப் போறேன்னும் எழுதுனாரு. பெரிய மனசுதான். ஆனா கெடா வெட்டுன அன்னிக்குப் பந்தியில எடம் கெடைக்காம வந்தவனுக்கு, மறுநாள் கெடாவே வந்து வருத்தம் தெரிவிச்சா வவுறு நெறையுமா?

இதுல யாரு மேல குத்தம்னு அவங்கவங்க ஒண்ணு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது நம்ம வீராணம்தான். ஏரி நெறைஞ்சா 47.5 அடி. கீழணையிலேர்ந்து வடவாத்துல தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். அடி ஏற ஏற நீர்வளத்துறைக்காரன் வடவாத்தக் கொறைப்பான், வெள்ளியங்கால் ஓடையத் தெறந்து வுட்டுருவான். தெறந்தா முழுவுறது நம்ம பக்கத்து வயலுதான், அந்த வவுத்தெரிச்சல் தனிக் கத. ஆனாலும் கரை நிக்குதுல்ல? அன்னிக்குக் கச்சேரி நடத்துனவங்க வடவாத்த மட்டும் முழுசாத் தெறந்துவுட்டாங்க, வெள்ளியங்கால வெட்ட மறந்துட்டாங்க. சனம் அதிகம்ங்கறது ஒரு குத்தமே இல்லடா. 2025 ஜனவரியில அகமதாபாத் மோடி ஸ்டேடியத்துல கோல்ட்ப்ளேன்னு வெள்ளக்காரன் குழு ஒண்ணு வந்து பாடுச்சு. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல வந்தாங்களாம், பாட்டக் கேட்டுட்டு வூடு போயி சேந்தாங்க. அதனால டிக்கெட்டுல வெள்ளியா, தங்கமா, வைரமான்னு பாத்துப் பூரிச்சுப் போவாத. காரு எங்க நிக்கும், அங்கேர்ந்து எம்மாந் தூரம் நடக்கணும், வெளிய வர எத்தன வழி, கக்கூஸ் எந்தப் பக்கம்னு பாரு. உங்கம்மாவுக்குச் சக்கர. ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவ எந்திரிப்பா. ஒவ்வொரு தடவையும் கூட நீ எந்திரிக்கணும். நீ வாங்குனது வைர டிக்கெட்டா இருந்தாலும் பாதிக் கச்சேரிய கக்கூஸ் வாசல்லதான் கேப்ப.

சென்னைக்குச் சிக்காம போறதுக்கு ஒரே ஒரு நல்ல வழி இருக்குது. நம்ம ஏரித் தண்ணி 2004லேர்ந்து சேத்தியாத்தோப்புல கெளம்பி குழாயிலேயே போயி போரூர்ல எறங்குது. எங்கயாச்சும் டிராபிக்குல நின்னுச்சுன்னு கேள்விப்பட்டிருக்கியா? டோல்கேட்டுல சில்லறை குடுத்துச்சா? ஆனா அதுல உங்கம்மா நுழைய மாட்டா.

வந்தியத்தேவன் இந்த ஏரிக்கரை மேலதான் போனான்னு கல்கி எழுதி வச்சிருக்காரு. அந்தக் கதைய 2022ல சினிமாவா எடுத்தப்ப உங்க ரகுமான்தானே இசை? வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஏரியப் பாத்துட்டு, ராவைக்குக் கடம்பூர் மாளிகையில நுழைஞ்சு, அங்கேர்ந்து தஞ்சாவூர், பழையாறை, ஈழம்னு போவாத எடமே இல்ல. எப்புடிப் போனான்? ஒத்தையாப் போனான். பொண்டாட்டி, ரெண்டு புள்ள, முழங்கால் வலிக்கார ஆத்தா, பிளாஸ்கு, தலவாணின்னு கெளம்பியிருந்தா கடம்பூர் வாசல்லயே காவக்காரன் திருப்பி அனுப்பியிருப்பான், கல்கிக்கும் அஞ்சு பாகம் எழுதுற வேல மிச்சம்.

செரி, இப்ப விசயத்துக்கு வரேன். குடும்பத்துக்கே புடிச்ச கச்சேரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற. குடும்பத்துல யாருக்குடா புடிச்சது?

1992ல ரோஜா வந்தப்ப நீ தொட்டில்ல கெடந்த. அந்தக் கேசட்டப் போட்டாதான் அழுவய நிறுத்துவ. பாட்டு முடிஞ்சா வூட்டையே ரெண்டு பண்ணுவ. கடையில போயி இன்னொண்ணு வாங்கக் காசு இல்ல. உங்கம்மா அவ ஆசையா வச்சிருந்த டி.எம்.எஸ். கேசட்ட எடுத்து, அது மேலயே ரோஜாவ ரெண்டு பக்கமும் பதிஞ்சு குடுத்தா. அன்னியிலேர்ந்து அவளுக்கு எந்தப் பாட்டு புடிக்கும்னு இந்த வூட்டுல யாரும் கேட்டதில்ல. உன் பொண்டாட்டி அடுப்படியில முணுமுணுக்குறது பூரா இளையராஜா. நீ வந்து நின்னா நிறுத்திரும். பெரியவன் அனிருத்துன்னா சாப்பாட்ட வுட்டுட்டு ஓடுவான். சின்னக்குட்டிக்கு எட்டு மணிக்குத் தூக்கம் வந்துரும், எங்க இருந்தாலும் அப்புடியே படுத்துரும். ஆக மொத்தம் உன்னோட ஆசைக்கு நாலு பேரு தொணை. அதுக்குப் பேரு குடும்பக் கச்சேரி.

உன்னைய மட்டும் சொல்லல. 2017 ஜூலையில லண்டன் வெம்ப்ளியில இதே ரகுமான் நேற்று இன்று நாளைன்னு தமிழ்ல பேரு வச்சு கச்சேரி பண்ணாரு. தமிழ்ப் பாட்டு ரொம்பப் பாடிட்டாருன்னு இந்திக்காரங்க பாதியில எந்திரிச்சுப் போயிக் காசத் திருப்பிக் கேட்டாங்க. பேரப் படிக்காமலே டிக்கெட் வாங்கியிருக்காங்க பாரு, உன் சாதிசனம்தான். கோச்சுக்கிட்டாலும் அவங்க எந்திரிச்சாவது போனாங்க. உங்கம்மா அப்புடிப் பாதியில கெளம்ப மாட்டா. நல்லாருக்குதாம்மான்னு நீ கேட்டா, ரொம்ப நல்லாருக்குதுப்பாம்பா. காதுல பஞ்சு இருக்கும்.

நம்மூரு மாரியம்மன் கோயில் பாட்டுக் கச்சேரியில இந்தத் தொல்லையே இல்லாம இருந்துச்சு. சாக்க விரிச்சு எடம் புடிச்சா அதான் வைர டிக்கெட். புடிச்ச பாட்ட துண்டுச் சீட்டுல எழுதி, கூட ஒரு அஞ்சு ரூவாத் தாள மடிச்சு மேடைக்கு அனுப்புனா, இன்னார் அன்பளிப்புன்னு மைக்குல பேரச் சொல்லிட்டு அந்தப் பாட்டப் பாடுவாங்க. மொதல்ல ஈஸ்வரி பாடுன அம்மன் பாட்டு, அப்புறம் கெழவிங்களுக்கு சீர்காழி, எங்களுக்கு டி.எம்.எஸ்., விடியக்காலத்துல எளவட்டத்துக்கு டப்பாங்குத்து. அவங்கவங்க பாட்டு முடிஞ்சா அவங்கவங்க சாக்குலயே தூங்கிருவாங்க. பாடுறவன் தொண்ட கரகரன்னுதான் இருக்கும், மைக்கு அப்பப்ப ஊளையிடும், அதையெல்லாம் நான் இல்லேங்கல. ரகுமான் கச்சேரியில சீட்டு எழுதி அனுப்பிப் பாரேன்.

மொறைக்காத. நீ போவணும். ஆசப்பட்டத நேர்ல போயிப் பாத்துரணும், மனசுல வச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது. நான் சொல்லுறது மத்த நாலு டிக்கெட்ட. ஒன்கிட்ட சொல்ல மனசு வராம ஒவ்வொருத்தரா ராத்திரியில எங்கிட்ட வந்து சொன்னாங்க. உன் பொண்டாட்டிக்கு அந்த ரெண்டு நாளு சீர்காழியில அம்மா வூட்டுல இருந்துட்டு வரணும், புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போவுதாம். உங்கம்மா, நான் வூட்டுலயே கெடக்குறேன், யாரும் ஒரு பாட்டும் போட வேணாம்னா.

அதனால நம்ம கோயில் கச்சேரியில கீபோர்டு வாசிக்கிறானே அந்தப் பையனுக்கும், டிரம் அடிக்கிறவனுக்கும், பாடுற ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். வருசா வருசம் ரகுமான் பாட்ட வாசிச்சே பொழைக்கிறானுங்க, அந்த மனுசன ஒரு தடவகூடப் பாத்ததில்ல. உன் காருலயே வரானுங்க. மரக்காணம் தாண்டுறதுக்குள்ள நாலு பேரும் சேந்து உனக்கு முழுக் கச்சேரியே வச்சுருவானுங்க. காசு தையில அறுப்பு முடிஞ்சுதான் தர முடியும்னானுங்க. உன் பேரச் சொல்லி நான் சரின்னுட்டேன்.